ஜாமீனுக்கு ஆள் யார்?

"படிக்க வந்த பிள்ளைக்குப் போலீஸ் நிலையத்தில் என்ன வேலை?" என்று நம் பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், டில்லி மாநகரிலே ஒரு தமிழ் மாணவன் போலீஸ் நிலையத்தின் படியை மிதிப்பதற்கு அவன் பொல்லாதவனாக இருக்கவேண்டும் என்பதில்லை. நண்பனுடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிச் சென்று வழிப்போக்கர் ஒருவரை இடித்துவிட்டால் போதும். விடுதியில் நடக்கும் கைகலப்பை விலக்கிவிடப் புகுந்தால் போதும். ஊர்வலத்தின் கடைசி வரிசையில் நின்றிருந்தாலும் போதும். இவற்றுள் ஒன்றேனும் ஆண்டுக்கு ஒருமுறை நம் தோழர் எவருக்காவது நேராமல் இருப்பதில்லை. நேர்ந்த பிறகு நாம் செய்வதெல்லாம், விடுதி வராந்தாவில் கூடி நின்று, "யாருக்காவது வக்கீலைத் தெரியுமா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுதான்.

சட்டத்தில் குறையென்று நான் சொல்லவரவில்லை. ஏட்டளவில் அது நன்றாகவே இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, கைதானவனுக்குக் காரணத்தைச் சொல்லவேண்டும் என்கிறது. அவன் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள விடவேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை முதல் தேதியன்று பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்த பிறகும் இந்தப் பாதுகாப்புகள் மாறவில்லை. இந்தி தெரியாத நமக்கு இன்னொரு செய்தி முக்கியமானது. கைதுக்கான காரணத்தை, கைதானவனுக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தரவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், "எனக்கு இது புரியவில்லை" என்று பணிவாகவே சொல்லலாம். பணிவைக் கைவிடாதிருப்பது புத்திசாலித்தனம். கையெழுத்தைப் போடாதிருப்பது அதைவிடப் புத்திசாலித்தனம்.

குற்றங்களில் இரு வகை உண்டு. சிலவற்றில் ஜாமீன் உரிமை. சிலவற்றில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவரை இடித்துவிட்ட வழக்கு பொதுவாக முதல் வகையைச் சேர்ந்தது. அங்கே போலீஸ் அதிகாரியே நிலையத்தில் ஜாமீன் கொடுத்து அனுப்பவேண்டும். தயவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இது தெரியாமல், உரிமையாகக் கிடைப்பதற்கே எவனோ ஒரு தரகனிடம் பணத்தைக் கொட்டிக் கொடுக்கும் குடும்பங்கள் எத்தனையோ! இரண்டாவது வகையில் மாஜிஸ்ட்ரேட்டிடமும், அவர் மறுத்தால் செஷன்ஸ் நீதிமன்றத்திலும், உயர் நீதிமன்றத்திலும் மனுச் செய்துகொள்ளவேண்டும். 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில் ஜாமீன் தானே உரிமையாகிவிடும் என்பதும் உண்டு. அந்த நிலை நம்மில் எவருக்கும் வராதிருக்கட்டும்.

இனி, நம் பிள்ளைகள் உண்மையில் சிக்கிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிடுகிறார். "இருபத்தையாயிரம் ரூபாய்க்குச் சொந்த முச்சலிக்காவும், அதே தொகைக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவரும்" என்று உத்தரவு. இதைக் கேட்டதும், ஊரிலிருக்கும் தகப்பனார் இருபத்தையாயிரத்தைத் திரட்டிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார். சினிமாவில் அப்படித்தானே பார்த்திருக்கிறார்! உண்மையில் அந்தத் தொகையை யாரும் அன்றைக்குக் கட்டவேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் அவ்வளவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பதே ஜாமீன். அவன் நிரபராதி என்று ஜாமீன்தாரர் சத்தியம் செய்வதும் இல்லை. வரவேண்டிய நாளில் வருவான் என்பது மட்டுமே உறுதி. தேவைப்படுவது ரூபாய் அல்ல, மனிதர்: டில்லியில் முகவரி உள்ளவர், சம்பளச் சீட்டோ, வங்கி வைப்புத்தொகை ரசீதோ, வண்டியின் பதிவுச் சான்றோ காட்டக்கூடியவர், ஒரு நாள் விடுப்பெடுத்து நீதிமன்றத்தில் நிற்க மனமுள்ளவர். தூத்துக்குடியிலிருந்து வந்த மாணவனுக்கு அப்படிப்பட்டவர் யார்?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டுவைத்தவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பயின்றவர் அவர். 1978-இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருடைய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மோத்தி ராம் வழக்கு என்பார்கள். மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். ஒரு மலையாளியோ கன்னடியரோ தமிழரோ தெலுங்கரோ, பஸ்தாரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார் கிருஷ்ணய்யர். கொத்தனாரை ஆயிரம் ரூபாய்ச் சொந்த முச்சலிக்காவில் விடச் சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 2023 ஜனவரியில், உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்று அதே நீதிமன்றம் திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது. 2021 ஜூன் 15-இல் டில்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் அளித்த மாணவர் மூவர், ஜாமீன்தாரரின் முகவரியைச் சரிபார்க்கவேண்டும் என்று போலீசார் அவகாசம் கேட்டதால், 17-ஆம் தேதி மாலைதான் வெளியே வந்தனர். பெயர் பெற்ற வக்கீல்களும், நாடே கவனித்த வழக்கும் இருந்த இடத்திலேயே இந்த நிலையென்றால், பெயரில்லாத மாணவனுடைய கதி என்ன?

ஆகவே வக்கீல் உத்தரவுக்கு வாதாடும்போதே, உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனை வேண்டாம் என்றும், மேற்படி இரு தீர்ப்புகள் உள்ளன என்றும் கேட்கவேண்டும். கேட்காத வக்கீலுக்கு நாம் நினைவூட்டலாம்.

வக்கீலைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தமிழ் வக்கீல்தான் வேண்டும் என்று தேடுவது நம் வழக்கம். தாய்மொழிப் பற்று நல்லதே; இங்கே அது முதல் தகுதியன்று. பாட்டியாலா ஹவுஸில் வழக்கு என்றால் பாட்டியாலா ஹவுஸில் நாள்தோறும் நிற்பவர் வேண்டும். சாகேத் என்றால் சாகேத். ஊரிலுள்ள தாயாருக்குத் தொலைபேசியில் தமிழில் விளக்கிச் சொல்ல நம்மில் ஒருவர் இருந்தால் போதாதா? "நாளைக்கே வெளியே கொண்டுவருகிறேன்" என்று உத்தரவாதம் கூறுகிறவரை அண்டவேண்டாம். அந்த உத்தரவாதம் அவர் கையில் இல்லை. கட்டணத்தை முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை. கையில் காசில்லாதவன் கலங்கவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் அதிகாரச் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எதுவாயினும், இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். இலவச வக்கீல் என்றால் மட்டமானவர் என்று எண்ணுவது நம்மிடையே ஊறிப்போன நினைப்பு. முதல் நாள் ரிமாண்டின்போது யாருமில்லாமல் நிற்பதைவிட அவர் நூறு மடங்கு மேல்.

என் யோசனை சிறியது. பொங்கலுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் குழு அமைக்கும் நம் சங்கம், ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கட்டும். அதில் ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்துக்கும் நம்பத்தக்க வக்கீல் இருவர் பெயர் இருக்கட்டும். தலைநகரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கம் உண்டு. அவர்களிடம் நன்கொடைச் சீட்டுடன் போகும் நாம், ஜாமீனுக்கு நிற்க இசைபவர் பத்துப் பேரின் பெயரையும் கேட்டு வரலாம். "முன்பின் தெரியாத பையனுக்கு எப்படி நிற்பது?" என்று அவர்கள் தயங்கினால், அது நியாயமான தயக்கமே. பையனைச் சங்கம் அறிந்திருக்கிறது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் சங்கத்தார் ஒருவர் உடன் செல்வார், நம்பிக்கை போய்விட்டால் ஜாமீன்தாரர் மாஜிஸ்ட்ரேட்டிடம் விண்ணப்பித்து விலகிக்கொள்ளவும் சட்டத்தில் வழியுண்டு என்று எடுத்துச் சொல்லலாம். கட்சி என்ன, ஜாதி என்ன, எந்த ஊர்வலத்தில் போனான் என்றெல்லாம் சங்கம் விசாரிக்கலாகாது. அதை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். நோட்டில் முதல் பெயராக என்னுடையதையே எழுதிக்கொள்ளலாம். ஆராய்ச்சி உதவித்தொகைச் சீட்டும், என் பெயரில் பதிவான பழைய ஸ்கூட்டர் ஒன்றும் இருக்கின்றன. ஸ்கூட்டருக்கு என்ன மதிப்பு என்பதை நீதிமன்றம் முடிவு செய்துகொள்ளட்டும்.