இரவல் மதிப்பு!

பண்ணையார் வீட்டுத் திண்ணையில் ஏறக்கூடாதென்று விரட்டப்படுகிறான் ஒருவன். அவன் மகன் படிக்கிறான், பட்டம் பெறுகிறான், கலெக்டராகிக் காரில் வந்து இறங்குகிறான். விரட்டிய பண்ணையார் விழுந்தடித்து ஓடிவந்து நாற்காலி போடுகிறார். கதை முடிகிறது, கண்கள் கசிகின்றன. பள்ளியில் மாணவர்களைக் கதை எழுதச் சொன்னால், பலர் இதைத்தான் எழுதித் தருகின்றனர். ஏடுகளில் படிப்பதைத்தானே பிள்ளைகள் எழுதுவர்!

நாமும் இக்கதைக்குக் கை தட்டியவர்கள்தாம். தட்டிய கையைச் சற்றே நிறுத்திக் கேட்போம்: அந்த நாற்காலி யாருக்கு? வந்த மனிதனுக்கா, அவன் வகிக்கும் பதவிக்கா? பதவிக்குத்தான்! அப்படியானால் கலெக்டர் ஆகாத தம்பிக்கு? இன்றும் ஏர் பிடிக்கும் தந்தைக்கு? அவர்களுக்குத் திண்ணை திறக்கவில்லையே! உயர்ந்தவனுக்கே மதிப்பு என்றார் பண்ணையார். ஆம் என்று தலையாட்டிவிட்டார் கதாசிரியர். பிள்ளைகள் படிக்க வேண்டும், பதவிக்கு வரவேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. பதவி வரும்வரை மனிதனுக்கு மதிப்பில்லை என்று கதை ஒப்புக்கொள்கிறதே, அதைத்தான் மறுக்கிறோம்.

உலகச் சிறுகதை மேதைகள் இந்த ஏணியை எப்படிப் பார்த்தனர்? ருசியாவில் பீட்டர் மன்னன் 1722இல் அரசுப் பதவிகளை 14 படிகளாக அடுக்கினான். அதன் ஒன்பதாம் படியில் நின்ற ஏழை எழுத்தனைத்தான் 1842இல் வெளிவந்த ‘மேலங்கி’யில் கோகோல் காட்டினார். மாலைத் தேநீரை நிறுத்தி, மெழுகுவத்தியை மிச்சப்படுத்தி, அவன் புது மேலங்கி தைக்கிறான். நேற்றுவரை நகைத்தவர்கள் இன்று விருந்துக்கு அழைக்கின்றனர்! அன்றிரவே அங்கி பறிபோகிறது. முறையிடச் சென்ற இடத்தில் பெரிய அதிகாரியின் உறுமல், பின்னர்க் காய்ச்சல், பின்னர்ச் சாவு.

1883இல் செகாவ் எழுதிய கதையிலே, நாடக அரங்கில் ஓர் எழுத்தன் தும்முகிறான். முன்னால் இருந்தவர் உயர் அதிகாரி. அவர் போகட்டும் என்கிறார், இவன் விடவில்லை. மன்னிப்பு, மீண்டும் மன்னிப்பு! சலித்துப்போன அதிகாரி ஒருமுறை சீறுகிறார். வீடு திரும்பியவன் மாண்டுபோகிறான். 1884இல் மாப்பசான் எழுதிய ‘கழுத்தணி’யிலோ, ஓரிரவுப் பெருமைக்காக இரவல் வாங்கிய நகை தொலைகிறது. 36,000 பிராங்கில் வேறு நகை வாங்கித் தந்து, அந்தக் கடனைப் பத்தாண்டுகள் உழைத்துத் தீர்த்த பின்பு தெரிகிறது, தொலைந்தது போலி என்று!

அங்கியும் அணியும் மட்டுமா இரவல்? மேலிருப்பவன் பார்வையிலிருந்து கிடைக்கும் மதிப்பே இரவல்தான். கொடுத்தவன் நினைத்தால் பறித்துக்கொள்வான்.

ருசியாவில் அங்கி மாறினால் ஓரிரவாவது மதிப்பு வந்தது. நம் நாட்டில் படியைப் பிறப்பல்லவா குறிக்கிறது! கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பரோடா அரசின் பணிக்கு வந்த அம்பேத்கருக்கு 1917இல் அந்நகரில் தங்க இடம் தர மறுத்தனர். பட்டம் இருந்தது, பதவி இருந்தது, நாற்காலி எங்கே, கதாசிரியர்களே?

இந்த உண்மையை ஒளிக்காமல் சொன்னவர் பிரேம்சந்த். 1932இல் வந்த ‘தாக்கூரின் கிணறு’ கதையில், நோயுற்ற கணவன் குடிக்க நல்ல நீர் இல்லை. இருக்கும் நீர் நாறுகிறது. கங்கி இருளில் மேல்சாதியார் கிணற்றுக்குப் போகிறாள். இவர்கள் எதனால் உயர்ந்தோர், நாம் எதனால் தாழ்ந்தோர் என்று அவள் உள்ளம் கேட்கிறது. இவர்கள் செய்யும் திருட்டையும் புரட்டையும் எண்ணிப் பார்க்கிறது. குடம் மேலே வரும் நேரத்தில் தாக்கூரின் கதவு திறக்கிறது, கயிறு நழுவுகிறது, ஓடுகிறாள். வீட்டிலே கணவன் அந்த நாற்ற நீரையே குடித்துக்கொண்டிருக்கிறான்.

வெற்றி இல்லை, நீர் இல்லை, நாற்காலி இல்லவே இல்லை. ஆயினும் கங்கி எவருடைய மதிப்பையும் இரந்து நிற்கவில்லை. ஏணியையே கேள்வி கேட்டாள்! கலெக்டர் கதை ஆயிரம் எழுதினாலும் அந்தக் கேள்விக்கு ஈடாகுமா?

பழங்கதை என்பீர்களோ? 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டோம். பிரேம்சந்த் கதைக்கு 90 ஆண்டுகள் கழிந்த பின்னும் தண்ணீரிலே சாதி!

எழுத வரும் இளைஞர்களே! ஏழைக்காகக் கண்ணீர் சிந்தியது போதும். அவனைக் கலெக்டராக்கிக் கணக்குத் தீர்த்ததும் போதும். ஏர் பிடித்த சேற்றுக் காலோடு, எந்தப் பதவியுமின்றி, அந்தத் தந்தை திண்ணையில் ஏறி அமரட்டும். இறங்கு என்று சொல்ல நீ யார் என்று அவரே கேட்கட்டும். அந்தக் கதையை எழுதுங்கள். நம் வகுப்பறையில் உரக்கப் படித்துக் காட்டுகிறோம்!