வழியில் ஒரு சிநேகிதர் வீடு

நீலகிரிக்குப் போய் வந்தவரிடம் "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். "யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சற்றுத் திகைத்து, "கூடப் படித்தவர் ஒருவர் குன்னூரில் இருக்கிறார், போகத்தான் நினைத்தோம், நேரம் கிடைக்கவில்லை" என்பார்.

நேரம் கிடைக்காத காரணம் எல்லோரும் அறிந்ததே. குடும்பத்தோடு புறப்படுகிறவரின் வண்டியில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து விருப்பங்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே "என் பழைய சிநேகிதன் ஒருவன்..." என்று குடும்பத் தலைவர் வாயைத் திறந்தால், அந்த வாக்கியத்தை முடிக்க யாரும் விடுவதில்லை. ஆகையால், பழைய சிநேகிதரைத் தேடிப் போகும் பிரயாணத்தைத் தனியாகத்தான் மேற்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இதைப் படிக்கும் இல்லத்தரசிகள் கோபிக்க வேண்டாம். பள்ளித் தோழிகள் அவர்களுக்கும் உண்டு. இதே நியாயம் அவர்களுக்கும் பொருந்தும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுவதற்கு இரண்டு மோட்டார் சாலைகள் இருக்கின்றன. ஒன்று பர்லியாறு வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூருக்குப் போகிறது. மற்றொன்று கோத்தகிரிக்குப் போகிறது. கோடை நெரிசலில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் அதிகாரிகள் ஏற்பாடு செய்வது வழக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வந்தது. அவசரமில்லாதவர்களுக்கு மலை ரயில் இருக்கவே இருக்கிறது. 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகை வரையிலும் போடப்பட்ட அந்தப் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர்தான். ஏறுவதற்கோ ஐந்து மணி நேரம் வரை ஆகிறது. நாம் சென்ற தடவை தனியாக மோட்டாரில் புறப்பட்டோம். குன்னூரில் ஒரு சிநேகிதர், கோத்தகிரியில் ஒரு சிநேகிதர். ஏறும்போது ஒருவர், இறங்கும்போது ஒருவர் என்று திட்டம்.

குன்னூர் சிநேகிதர் படுகர். கோயம்புத்தூரில் நம்மோடு படித்தவர். இப்போது தமது ஹட்டியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறார். பல வருஷங்களுக்குப் பிறகு சந்திக்கும் சிநேகிதர்களுக்கு முதல் கால்மணி நேரம் சங்கடமானது. ஒருவர் தலை நரைத்ததை மற்றவர் பார்க்காததுபோல் பார்க்க வேண்டும். பச்சைத் தேயிலையின் விலை, மழை, முழங்கால் வலி என்று பேச்சு தட்டுத் தடுமாறி நடக்கும். பிறகு யாராவது ஒருவர், கல்லூரியில் எல்லோரும் மறந்துபோன ஒரு பட்டப் பெயரைச் சொல்லுவார். அவ்வளவுதான்! நாற்பது வருஷங்கள் உதிர்ந்து விடும். சாப்பிடாமல் கிளம்புவது அந்த வீட்டில் நடக்காத காரியம். அவரைக் குழம்பும் சோறும் உண்டு முடித்தபோது, உதகை ஏரியில் படகு விடாததற்காக நமக்கு எள்ளளவும் வருத்தம் இருக்கவில்லை.

கோத்தகிரிச் சிநேகிதர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். நாம் வந்த காரணத்தை அவர் வாசலிலேயே உரக்கச் சொன்னார் போலும். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் மெள்ள வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக் கை காய்த்தவர். "பழைய சிநேகிதரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க, ஐயா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "எனக்கும் ஒருத்தி இருக்கா. ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம். ஒரே நிரையிலே கொழுந்து எடுத்தோம். அவளுக்கு அங்கே பிரஜா உரிமை, எனக்கு இங்கே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நான்கு வாக்கியங்களுக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தை நேயர்கள் நினைவு கூர்வது நல்லது. இலங்கை மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிய தமிழர்களில் மிகப் பெரும்பாலோர், 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தினால் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். கணக்கு என்னவோ சரியாகத்தான் வந்தது. ஆனால் வகுத்த இடம் காகிதமல்ல. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று குடும்பங்களே பிரிந்தபோது, சிநேகிதிகளை யார் கணக்கில் எடுத்தார்கள்?

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு ஜனங்கள் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வைத்தார்கள். அங்கிருந்து கப்பலில் ராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம், அதன்பின் ஆளுக்கொரு திசை. 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம், இப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே ஏற்பட்டது. அதுவே பின்னர் 'டான்டீ' கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் இன்று நாம் மோட்டாரை நிறுத்திப் படம் பிடிக்கும் பசுஞ்சரிவுகளில் பல, அவர்கள் கையால் உண்டானவை.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் கண்டேயிராத பிசிராந்தையாருக்குத் தன் அருகில் இடம் ஒதுக்கி வைத்தான். அவரும் தவறாமல் வந்து சேர்ந்தார் என்று புறநானூற்றால் அறிகிறோம். அந்த நட்பின் நடுவே கடலும் இல்லை, பிரஜா உரிமைச் சட்டமும் இல்லை. தலைமன்னார்க் கப்பலோ 1984-ல் யுத்தத்தினால் நின்று போயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ஆனால் பாஸ்போர்ட்டும் விஸாவும் எடுத்துக்கொண்டு எழுபது வயதில் கடல் தாண்டுவது, நாம் ஒரு வளைவில் மோட்டாரைத் திருப்பிச் சிநேகிதர் வாசலில் நிறுத்துவதைப் போன்றதல்ல.

ஆயினும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோட்டத்து லயம் வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடு மாறும். வீடு மாறினால் விலாசம் போய்விடும். ஆகவே, தாயகம் திரும்பிய முதியவர் உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால், அவருடைய பழைய தோட்டத்தின் பெயர், டிவிஷன், கப்பலேறிய வருஷம், சிநேகிதரின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுவதும் கையில் வைத்திருக்கும் டெலிபோன் கடலைத் தாண்டக் கூடியது. அந்தத் தோட்டத்தில் இன்று இருக்கும் இளைஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து, "இன்னார் உண்டா?" என்று கேட்க அதிகச் செலவு ஆகாது. "உண்டு" என்று பதில் வந்தால், முகம் பார்த்துப் பேசவும் வழி இருக்கிறது. கோத்தகிரி உபாத்தியாயர் தம் பேரனிடம் இந்த வேலையை ஒப்படைத்திருக்கிறார்.

மற்றவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சொற்பம். அடுத்த கோடையில் மலை ஏறும்போது, பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவில் மனிதர் ஒருவரின் பெயரை முதலாவதாக எழுதுங்கள். தொட்டபெட்டா எங்கும் போய்விடாது. சிநேகிதரைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது.