திறந்த மூலமும் பூட்டிய பட்டறையும்

திறந்த மூல மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதப்படுவனவும் மேடைகளிற் பேசப்படுவனவும் பெரும்பாலும் வாழ்த்துரைகளாகவே அமைந்துவிடுகின்றன. மூலநிரலை எவரும் வாசிக்கலாம், எவரும் மாற்றலாம், மாற்றியதை எவரும் பகிரலாம் என்ற உரிமைகள் வரிசையாக எண்ணிக்காட்டப்படுகின்றன. அவ்வுரிமைகளின் பெறுமதியை மறுப்பார் இலர். ஆயின் உரிமை ஏட்டில் இருப்பதும் அதனைப் பிரயோகிக்கும் வல்லமை கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பது சமூக விஞ்ஞானங்களின் பாலபாடம். ‘எவரும்’ என்ற சொல்லுக்குள் உண்மையில் அடங்குவோர் யாவர் என்ற வினாவை எழுப்பாத வாழ்த்துரை, அறிந்தோ அறியாமலோ, ஒரு மறைப்புரையாகவே முடிகின்றது.

இவ்வினாவுக்குரிய விடையை உரிமப் பத்திரங்களிற் காணமுடியாது. மென்பொருளாளர் விருத்திச் சூழல் என்று வழங்கும் பட்டறையிலேயே அதனைத் தேடவேண்டும். ஒரு மென்பொருளிலுள்ள தவறைத் திருத்த விரும்பும் மாணவர் முதலில் அதன் மூலநிரலின் பிரதியைக் கிற் என்னும் கருவியின் துணையுடன் தம் கணினிக்கு இறக்கவேண்டும். அந்நிரலை இயங்கும் வடிவமாக்கும் தொகுப்பான் வேண்டும். அந்நிரல் சார்ந்திருக்கும் துணைநிரல்கள் யாவும், பொருந்திய பதிப்புகளில், வேண்டும். பின்னர் முழுவதையும் கட்டி, இயக்கி, சோதனைகளை நடத்திப் பார்க்கவேண்டும். இவ்வளவும் நிறைவேறிய பின்னரே திருத்தத்தின் முதல் வரியை நம்பிக்கையோடு எழுதமுடியும். டெபியன், உபுண்டு ஆகிய முறைமைகளில் துணைநிரல்கள் பெரும்பாலும் இரு பொதிகளாகப் பிரித்தே வழங்கப்படுகின்றன. இயக்குவதற்கு வேண்டியது ஒன்று. கட்டுவதற்கு வேண்டியது மற்றொன்று. சாதாரண பாவனையாளரின் கணினியில் இருப்பது முன்னையதே. இடச்சிக்கனம் கருதிய இப்பிரிவு குற்றமன்று. எனினும், பாவனையாளர் நிலையிலிருந்து ஆக்குவோர் நிலைக்குச் செல்வதற்குத் தனியே ஒரு படி ஏறவேண்டியுள்ளது என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது.

பட்டறையின் முதன்மையை இவ்வியக்கத்தின் முன்னோடிகள் நன்கு உணர்ந்திருந்தனர். 1983 இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சாட் ஸ்ரோல்மன், முழுமையான பணிசெயல் முறைமை ஒன்று உருவாகுமுன்னரே நிரல் எழுதும் ஈமாக்ஸ் கருவியையும், 1987 இல் சி மொழித் தொகுப்பானையும் வெளியிட்டார். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை எழுதியபோது அதனைத் தொகுக்க உதவியது அந்தத் தொகுப்பானே. லினக்ஸின் தோற்றத்தைத் தனிமனித மேதைமையின் விளைவாக மட்டும் காட்டும் வரலாறு இவ்வுண்மையை அடிக்குறிப்பாக்கிவிடுகின்றது. கருவி முன்னரே பொதுவுடைமையாக இருந்தமையாலேயே மாணவர் ஒருவரின் முயற்சி உலகின் உடைமையாயிற்று. அதே 1991 இல் வெளிவந்த குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, தொகுத்தலையும் நிறுவுதலையும் நெறிப்படுத்தும் கட்டளைக் கோப்புகளையும் முழுமையான மூலநிரலின் கூறாகவே வரையறுத்தது. பட்டறையை விலக்கிய மூலநிரல் முழுமையானதன்று என்பதே அவ்வரையறையின் உட்பொருளாகும்.

பட்டறையைப் புறக்கணித்தால் நேர்வது யாது என்பதை நெற்ஸ்கேப் நிறுவனத்தின் அனுபவம் புலப்படுத்தும். 1998 மார்ச் 31 ஆந் திகதி அந்நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. உலகெங்குமிருந்து திருத்தங்கள் வந்து குவியும் என்று எதிர்பார்க்கப்பட்டது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அத்திட்டத்தின் முன்னணியில் நின்ற ஜேமி ஸவின்ஸ்கி ஓராண்டின் பின் பதவி துறந்தபோது காரணங்களைப் பகிரங்கமாகவே எழுதினார். மக்கள் அன்றாடம் பயன்படுத்திய உலாவியின் நிரல் வெளியிடப்படவில்லை. வெளிவந்தது குறைநிலையிலிருந்த ஒன்று. மறைகுறியாக்கப் பகுதியும் ஜாவாப் பகுதியும் அதில் இடம்பெறவில்லை. நிரலோ எளிதில் மாற்றவியலாத சிக்கலுடையதாயிருந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே நின்று வேலைசெய்ய இடமிருக்கவில்லை.

இன்றைய நிலை என்ன? அன்ட்ரொய்ட் முறைமையின் மூலநிரலைக் கட்ட விரும்புவோருக்குக் கூகிள் நிறுவனம் விதந்துரைப்பது 400 ஜிகாபைற் வெற்றிடமும் 64 ஜிகாபைற் நினைவகமும் ஆகும். 72 செயலிக் கருக்கள் கொண்ட அந்நிறுவனத்தின் கணினியில் ஏறத்தாழ 40 நிமிடங்களில் முடியும் வேலை, அதேயளவு நினைவகத்துடன் 6 கருக்கள் கொண்ட கணினியில் ஏறத்தாழ 6 மணித்தியாலம் எடுக்கும் என்பதும் அந்நிறுவனமே கூறியதாகும். குரோமியம் உலாவியைக் கட்ட 100 ஜிகாபைற் வெற்றிடமும் குறைந்தது 8 ஜிகாபைற் நினைவகமும் வேண்டும். 16 இற்கு மேல் இருத்தலே நன்று என்பர். இவ்வுலாவியும் அன்ட்ரொய்டும் மிகப்பெரும் பாவனையாளர் தொகையைக் கொண்டவை. ஆயின் 4 ஜிகாபைற் நினைவகமுள்ள மடிக்கணினியும் அளந்து விற்கப்படும் இணைய இணைப்பும் உடைய மாணவருக்கு இவற்றின் மூலநிரல் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அரும்பொருளே. பார்க்கலாம், தொடமுடியாது.

இதற்கு எதிராக இரு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, வடிகட்டி வாதம். விருத்திச் சூழலை நிறுவத் தெரியாதவர் நல்ல திருத்தத்தை எழுதவும் மாட்டார். ஆகவே இக்கடினம் தகுதியற்றோரைத் தானாகவே விலக்கும் நற்சல்லடை என்று இவ்வாதத்தினர் கூறுவர். நிறுவ முடியவில்லை என்று முறையிடுவோரிடம் ‘என்னுடைய கணினியில் இயங்குகின்றதே’ என்று கைவிரிப்போரும் இவர்களே. இச்சல்லடை எதனைச் சலிக்கின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். நினைவகம் போதாமையாற் கட்டும் வேலை இடைநடுவில் அறுந்துபோவது மாணவரின் அறிவுக்குறையைக் காட்டுவதாகாது. வழிகாட்டி ஏட்டில் எழுதப்படாத ஒரு துணைநிரலின் பெயரை ஊகித்தறிய முடியாமை சிந்தனைக்குறைவின் அடையாளமுமன்று. அருகில் அனுபவசாலி ஒருவர் இருப்பின் ஐந்து நிமிடத்தில் தீரும் சிக்கல், அவர் இல்லாதவிடத்து ஐந்து நாட்களை விழுங்கும். ஆக, சலிக்கப்படுவது பணமும் ஓய்வுநேரமும் ஆங்கிலமும் அறிமுகமானோரின் துணையும் ஆகும். பிறப்பாலும் வர்க்கத்தாலும் கிட்டிய வசதிகளைத் தகுதி என்று பெயரிட்டழைப்பது கல்வித்துறையில் நெடுங்காலமாக நிலவிவரும் ஏமாற்று. மென்பொருளுலகம் அதனைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது, வாடகைப் பட்டறை வாதம். சொந்தக் கணினியில் எதனையும் நிறுவவேண்டியதில்லை, தயார்நிலையிலுள்ள சூழலை இணையத்தின் வழியே பெறலாம் என்பது இதன் சாரம். 2018 இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் வாங்கிய கிற்ஹப் தளம் இத்தகைய சூழலை வழங்குகின்றது. மாதத்திற்குக் குறித்த அளவு வரையே அது இலவசம். இதன் பயனை முற்றாக மறுப்பது நேர்மையாகாது. எனினும், நிரல் பொதுவுடைமையாகவும் அதனைத் திருத்தும் பட்டறை பெருநிறுவனத்தின் உடைமையாகவும் இருக்கும் ஏற்பாடு, நிலத்தைப் பொதுவாக்கிவிட்டு ஏரைப் பண்ணையாரிடம் விடுவது போன்றது. உழுபவர் அவர் விதிக்கும் கூலிக்கும் நேரத்திற்கும் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

இது கணினி விஞ்ஞான மாணவரின் பிரச்சினை மட்டுமே என்று கலைப்பீடத்தினர் ஒதுங்கிவிட முடியாது. ‘கொ’ என்ற எழுத்து யூனிகோட் முறையில் மெய்யை முன்னும் உயிர்க்குறியை அதன் பின்னும் கொண்டே சேமிக்கப்படுகின்றது. திரையிலோ அக்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கவேண்டும். இவ்வொழுங்கமைப்பைச் செய்யும் ஹாவ்பஸ் என்னும் திறந்த மூல நிரலையே பயர்பொக்ஸ், குரோமியம், லிப்ரே ஒபிஸ், அன்ட்ரொய்ட் ஆகியன பயன்படுத்துகின்றன. தமிழெழுத்தின் இயல்பை அறிந்தோர் தமிழ்த்துறைகளில் இருக்க, அதனைத் திரையில் வரையும் நிரலைத் திருத்தவல்லோர் வேறெங்கோ இருக்கின்றனர். தமிழ் மாணவருக்குப் பெரும்பாலும் விடுக்கப்படும் அழைப்போ பட்டியற் சொற்களை மொழிபெயர்த்துத் தருமாறு கேட்பதாகும். அது வேண்டிய பணியே. அதற்குப் பட்டறை தேவைப்படுவதில்லை. அதனாலேயே அது எளிதிற் கையளிக்கப்படுகின்றது. சொற்களைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டுத் தன் எழுத்தின் ஒழுங்கைப் பிறர் தீர்மானிக்கக் காத்திருக்கும் சமூகம், பாவனையாளர் சமூகமாகவே எஞ்சும்.

மாற்றுவழி இல்லை என்பதும் பொய். டெபியன் முறைமையில், மூலப்பொதிகளின் களஞ்சியத்தை இயக்கியபின், ஒரு பொதியைக் கட்டத் தேவையான அனைத்தையும் ஒரே கட்டளையால் நிறுவிக்கொள்ளலாம். பயர்பொக்ஸ் திட்டம், உலாவியின் முகப்பை மட்டும் மாற்ற விரும்புவோர் ஏலவே தொகுத்த பகுதிகளை இறக்கிப் பயன்படுத்த வழிசெய்துள்ளது. அவர்கள் முழு உலாவியையும் தொகுக்கவேண்டியதில்லை. ஹாவ்பஸ் போன்ற சிறு நிரலைச் சாதாரண மடிக்கணினியிலேயே சில நிமிடங்களிற் கட்டிவிடலாம். விருப்பம் இருந்தவிடத்து வழி பிறந்துள்ளது.

பல்கலைக்கழகங்களின் கடமை இங்கேதான் தொடங்குகின்றது. தெரிந்தெடுத்த சில திட்டங்களின் மூலநிரலையும் துணைநிரல்களையும் ஒருமுறை இறக்கி, எல்லாப் பீட மாணவரும் பயன்படுத்தத்தக்க பொதுப் பட்டறையாக ஒரு கணினியையேனும் ஒதுக்குதல் இயலாத காரியமன்று. நிறுவும் வழிமுறைகளைத் தமிழில் எழுதுதல் ஒப்படையாக ஏற்கப்படல் வேண்டும். புதிதாக வரும் மாணவர் தாம் தடுமாறிய இடங்களைக் குறித்துவைத்து, வழிகாட்டி ஏட்டின் குறையைத் திருத்தி அனுப்புவதே அவரின் முதற் பங்களிப்பாக அமையலாம். அத்தடுமாற்றத்தை மறந்துவிட்ட அனுபவசாலிகளால் அவ்வேலையைச் செய்யமுடியாது.

திறந்த மூலத்தின் புகழ் பாடுவோர் ஒவ்வொருவரிடமும் இனிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: வறிய மாணவர் ஒருவர் தம்மிடமுள்ள கணினியில் அந்நிரலைக் கட்டி இயக்க எத்தனை நாள் செல்லும்? விடை சொல்லத் தயங்கும் திட்டம் தன்னைத் திறந்தது என்று அழைத்துக்கொள்ளும் உரிமையை இன்னும் ஈட்டவில்லை.