மறுபக்கம் திருப்பும் நேரம்

சென்ற மாதம் நம் சங்கத்து நூலக அலமாரியை ஒழுங்குபடுத்தியபொழுது, அடித்தட்டில் இருபதுக்கு மேற்பட்ட பழைய கிராமபோன் இசைத்தட்டுகள் கிடைத்தன. வேண்டுவோர் கொண்டுபோகலாம் என்றார் செயலாளர். ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை, எறிந்துவிடவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. இவ்விசித்திரத்தின் காரணம் நமக்குத் தெரியும். நம் வீட்டிலும் அத்தகைய தட்டு ஒன்று உறங்குகிறது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் தோடி ஆலாபனை அது. 1956-இல் அவர் மறைந்தார். 1961-இல், நமது பதினாறாம் பிராயத்தில், கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரிடம் அதைக் கண்டோம். பரீட்சைக்குக் கட்டவேண்டிய பணத்திலிருந்து ஒரு ரூபாயை எடுத்து வாங்கிவிட்டோம். அன்னையார் இரண்டு நாள் நம்முடன் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, "அந்த நாகசுரத்தை வை" என்றார்கள். தாய்மாமன் விட்டுச்சென்ற பாட்டுப்பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டுகளில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல்தான் கொள்ளும். கோவில் வீதியில் மணிக்கணக்காக விரியும் தோடி, நடுவே அறுந்து நிற்கும். தட்டைத் திருப்பி, சாவி கொடுத்து, ஊசியை வைக்கும்வரை மௌனம். பக்கத்துக்கு ஒரு புதிய ஊசி என்பது விதி. நம் வீட்டிலோ ஓர் ஊசி ஒரு வாரம் உழைக்கும். சிக்கனம் ஊசியில், தேய்மானம் தட்டில்! அந்த மௌனத்தில் அன்னையார், புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே பிடித்தபடி காத்திருப்பார்கள். அவர்கள் வேலையை நிறுத்தி நாம் கண்டது அப்பொழுது மட்டுமே.

1967-இல் டில்லியில் உத்தியோகம் கிடைத்தது. "தட்டு இங்கேயே இருக்கட்டுமே" என்றார்கள். நாம் கேட்கவில்லை. வேட்டிகளுக்கு நடுவே சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் கொண்டுவந்தோம். (தட்டின் உடல் அரக்கு. அரக்கு பெரும்பாலும் சோட்டா நாகபுரிக் காடுகளில் விளைவது. ஆகவே அதுவும் ஊர் மாறிப் பழகியதுதான்!) கரோல்பாகில் ஒற்றை அறைக் குடித்தனத்தில் கிராமபோன் ஏது? பாட்டுப்பெட்டி ஊரில், தட்டு இங்கே. ஏழாண்டுகள் இவ்வாறே கழிந்தன.

1974-இல் அன்னையார் காலமானார்கள். காரியங்கள் முடிந்து திரும்புகையில் பாட்டுப்பெட்டியைக் கொண்டுவந்தோம். தட்டை வைத்தபொழுதுதான் விளிம்பிலிருந்து ஓடிய மயிரிழை விரிசல் தெரிந்தது. சுற்றுக்கு ஒரு 'டக்'. நாகசுரத்தைவிட அதுவே உரக்கக் கேட்டது.

அண்மையில் நம் பேத்தி அதே தோடியைக் கைப்பேசியில் தேடி எடுத்து வைத்தாள். இரைச்சல் நீக்கி, இரு பக்கங்களையும் ஒட்டியிருந்தார்கள். ராகம் குறையின்றிச் சென்றது. பாதியில் நமது கை தானாக எழுந்தது.

"என்ன தாத்தா?"

"ஒன்றுமில்லை, அம்மா. சற்று நிறுத்து" என்றோம்.

நிறுத்தினாள். சாவி கொடுக்கும் நேரம் பேசாதிருந்துவிட்டு, "இனி வைக்கலாம்" என்றோம்.