இதயத் தளர்ச்சியும் வலி மாத்திரையும்

இதயத் தளர்ச்சி உள்ளோரின் குடும்பத்தினர் உப்பையும் தண்ணீரையும் அளந்து கொடுக்கின்றனர். நாள்தோறும் எடையைக் குறித்து வருகின்றனர். இது போற்றத்தக்கது. ஆயினும், முழங்கால் வலிக்கென மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பைப் போலவே அதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்நோய் இதயத்தை மட்டும் சார்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். இரத்தக் குழாய்களுக்கும் இதில் பங்குண்டு. குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரந்து குழாய்களை விரியச் செய்கிறது. இப்பொருளின் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதயம் நெடுநாள் தளர்ந்திருக்கையில் உடலெங்கும் மெல்லிய அழற்சி நீடிக்கிறது. அதனால் அப்படலம் நலிந்து, குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்களுக்குள் இரத்தத்தைச் செலுத்தத் தளர்ந்த இதயம் மேலும் உழைக்க நேர்கிறது.

அவ்வாறாயின் அழற்சியை அடக்கும் மருந்தை உண்டால் என்ன என்று சிலர் வினவுகின்றனர். மருத்துவ உலகமும் இதே வினாவை எழுப்பியது. நோய் முற்றியோரின் இரத்தத்தில் டிஎன்எஃப் என்னும் அழற்சிப் பொருள் மிகுந்திருப்பது 1990இல் வெளியான ஆய்வில் அறியப்பட்டது. அதைத் தடுக்கும் எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் ஆகிய மருந்துகள் பின்னர் நோயாளிகளிடம் ஆராயப்பட்டன. முன்னது பயன் தரவில்லை. பின்னது உயர்ந்த அளவில் தீங்கையே விளைத்தது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் மூட்டின் அழற்சியைத் தணிப்பது உண்மையே. ஆனால் அவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். நீர் பிரிவதற்காகத் தரப்படும் மாத்திரையின் பயனைக் குன்றச் செய்யும். சமையலறையில் உப்பைக் குறைத்துப் பெற்ற நன்மையை இம்மாத்திரை சில நாள்களில் அழித்துவிடக்கூடும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் கூறவில்லை. வலியால் நடமாட்டம் குறைவதும் இதயத்துக்கு நல்லதன்று. பாரசிட்டமால் பெரும்பாலோருக்கு ஏற்றது. அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டறிக. நீரில் இட்டதும் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் மிகுதியாதலால் அதனைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருத்துவர் எழுதித் தந்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை, இதைப் படித்துவிட்டுத் தாமாக எவரும் நிறுத்திவிடலாகாது.

குழாய்களைக் காக்கும் வழிகள் எளியவை. மருத்துவர் வகுத்த அளவில் அன்றாட நடை, புகையிலையை முற்றிலும் விடுதல், எழுதித் தந்த மருந்துகளைத் தவறாது உண்ணுதல் ஆகியவையே அவை. தொற்று நோய்கள் அழற்சியைத் தூண்டி இதயத்தைத் தளர்த்துவதால், ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதும் இன்றியமையாதது.

அடுத்த முறை வரும்போது நாங்கள் எழுதித் தந்த மாத்திரைகளோடு, கடையில் நீங்களாக வாங்கியவற்றையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள். அதற்குள், மூன்று நாள்களில் எடை 2 கிலோவுக்கு மேல் கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, குறித்த நாள் வரட்டும் என்று காத்திராமல் உடனே வாருங்கள்.