நெஞ்சுப் படபடப்பும் மந்திரக் கயிறும்

ஆரணியில் நூலைப்பற்றி நாம் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அறுந்த இழையை விரலாலேயே கண்டுபிடிக்கும் நெசவாளத் தோழர்கள், ஒரு முழக் கறுப்புக் கயிற்றுக்கு மாத்திரம் கூலிப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு நிற்பது என்ன அறிவு என்று கேட்கிறோம்.

தறியிலிருப்பவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. நாடி தாறுமாறாய் ஓடுகிறது. உடனே கண்ணேறு என்றும், கிரகக் கோளாறு என்றும் சொல்லி மந்திரவாதி கயிறு கட்டுகிறான். மறுநாள் படபடப்பு நிற்கிறது. "பார்த்தீர்களா மகிமையை!" என்கிறார்கள்.

அந்த மகிமையைச் சற்று ஆராய்வோம். இருதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு கணு இருக்கிறது. ஓய்வாயிருக்கையில் அதிலிருந்து நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை மின்சாரத் துடிப்பு கிளம்பி, மேலறைகளில் பரவி, நடுக்கணுவில் சற்றுத் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மிதித்தபின் நாடா, நாடா ஓடியபின் அச்சு என்று தறியில் உள்ள ஒழுங்கு போன்றதே இது. மேலறை நடுக்க நோயில் இவ்வொழுங்கு கெட்டு, மேலறைகளில் நிமிஷத்துக்கு 350-க்கு மேல் துடிப்புகள் கண்டபடி சுழல்கின்றன. நடுக்கணு அவற்றில் சிலவற்றையே கீழே விடுகிறது. அதனால்தான் நாடி ஒழுங்கு தப்புகிறது. நெஞ்சில் ஆண்டவன் குடியிருக்கிறான் என்பவர்கள், அவன் குடியிருக்கும் வீட்டிலேயே இவ்வளவு குழப்பம் ஏன் என்று சொல்லட்டும்!

ஆரம்பத்தில் இந்நோய் பலருக்குச் சில மணியிலோ சில நாளிலோ தானாகவே நிற்கும். கயிறு கட்டாதவனுக்கும் நிற்கும். ஆனால், நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோயுள்ளவருக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. அப்போது மந்திரவாதி "விதி" என்கிறான். நின்றால் கயிறு, விழுந்தால் விதி! இந்த வியாபாரத்தில் அவனுக்கு நஷ்டமே கிடையாது.

ஏழைகள் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைப் பருவத்துத் தொண்டைப் புண்ணைக் கவனியாமல் விட்டால், சிலருக்கு மூட்டு வீங்கும் காய்ச்சல் வந்து இருதய வால்வைக் கெடுக்கிறது. பின்னாளில் மேலறை நடுங்குகிறது. காலத்தில் கொடுக்கும் பென்சிலின் அதைத் தடுக்கும், விபூதி தடுக்காது.

இருதயத்துக்கு உண்மையில் உதவிய இழை ஒன்றும் உண்டு. ஹாலந்து தேசத்து ஐந்தோவன் என்பவர், வெள்ளி பூசிய மெல்லிய ஸ்படிக இழையைக் காந்தத்தின் நடுவே கட்டி, அது ஆடிய ஆட்டத்தைப் படம்பிடித்து, இருதய மின்சாரத்தை 1903-ல் உலகுக்குக் காட்டினார். 1924-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த இழைக்கு மந்திரம் தேவைப்படவில்லை. இன்றைய இ.சி.ஜி. அதன் வாரிசே.

தோழர்களே! படபடப்பு இருக்கும்போதே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள். அது நின்றபின் எடுத்தால் நோய் பிடிபடாமலே போகலாம். கயிறு கட்டிக் காத்திருக்கும் நேரமே அந்த நேரம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்டு. அதை டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டும். நூலுக்கு எஜமானர்களாகிய நீங்கள் கயிற்றுக்கு அடிமைகளாகலாமா? யோசித்துப் பாருங்கள்.