வாசலில் வழிந்தோடும் அமானிதம்



இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோர ஊர்களில் கோடைக் காலத்தில் ஒரே தெருவில் இரு காட்சிகளைக் காணலாம். ஒருபுறம், தள்ளுவண்டியில் வரும் நல்ல தண்ணீருக்காக நம் தாய்மார்கள் குடங்களுடன் காத்து நிற்பார்கள். மறுபுறம், குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் பள்ளிவாசலில் ஒளுச் செய்த நீரும் ஒன்றாகக் கலந்து சாக்கடையில் தேங்கிக் கிடக்கும்.

வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களை நம்பி வாழும் மண் இது. நிலத்தடி நீரோ பல இடங்களில் உவர்ப்பு. இத்தகைய ஊரில் ஒருமுறை பயன்பட்ட நீரை அப்படியே கைவிடுவது முறைதானா?

ஒளு நீரையே எடுத்துக்கொள்வோம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. அது ஒரு லிட்டர்கூட ஆகாது. குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம் ஆளுக்கு ஐந்து லிட்டர் செலவிடுவதாகக் கொண்டால், நூறு பேர் தொழும் பள்ளியில் ஐவேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 2,500 லிட்டர் வடிகாலுக்குப் போகிறது. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, இவ்வாறு பயன்பட்ட நீரைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்ய இயலாது. ஆயினும் அது நஜீஸ் அன்று. தென்னைக்கும் வேம்புக்கும் அதைப் பாய்ச்சத் தடையேதுமில்லை. தனிக் குழாய் ஒன்றே போதும்.

குளியலறை, சமையலறை நீருக்குச் சற்றுக் கூடுதல் உழைப்பு வேண்டும். முதலில் ஒரு தொட்டியில் மணலும் எண்ணெய்ப் பசையும் பிரிய வேண்டும். பின்னர், அடியில் நீர் கசியாதபடி அமைத்த சரளைக்கல் படுகையின் ஊடே அது மெல்ல நகர வேண்டும். படுகையில் நாணலோ கல்வாழையோ நடலாம். கற்களிலும் வேர்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைத்துவிடும். நீர் கற்களுக்கு அடியிலேயே ஓடுவதால் கொசு முட்டையிட வழியில்லை. நிலம் சரிவாக இருந்தால் மின்சாரமும் தேவையில்லை. வெளிவரும் நீர் குடிப்பதற்கோ, பச்சையாக உண்ணும் கீரைகளுக்கோ உரியதன்று, மரங்களுக்கு ஏற்றது.

கழிப்பறை நீரை இவற்றோடு கலக்கவே கூடாது. செப்டிக் டேங்க் கட்டியதும் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். அதிலிருந்து வழியும் நீரில் நோய்க் கிருமிகள் எஞ்சியிருக்கின்றன. அடித்தளமற்ற தொட்டியாயின் அண்டை வீட்டுக் கிணறும் கெடும். தொட்டியை உறிஞ்சிச் செல்லும் லாரி அதை எந்தக் கண்மாயில் கொட்டுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நீர்நிலையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைக் கடுமையாக எச்சரித்த மார்க்கம் நம்முடையது.

“சாக்கடை நீரைச் சுத்திகரிப்பதா? அது நஜீஸாயிற்றே!” என்று சிலர் தயங்கக்கூடும். சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தது. நிறம், மணம், சுவை ஆகியவற்றில் அசுத்தத்தின் அடையாளம் எதுவும் எஞ்சாதவாறு முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீர் ஒளுவுக்கும் ஆகும் என்று அது தீர்ப்பளித்தது. நாம் கேட்பதோ மரத்துக்குப் பாய்ச்சும் அளவுக்கு மட்டுமே.

உண்மையான தடை பராமரிப்பு. பசையை அள்ளவும் செடியை வெட்டவும் ஆளில்லாவிட்டால், ஓரிரு ஆண்டுகளில் படுகை அடைத்துக்கொள்ளும். ஆகவே கட்டுவதற்கு நன்கொடை திரட்டும் ஜமாஅத், பராமரிப்பவரின் மாத ஊதியத்தையும் அன்றே ஒதுக்கிவிட வேண்டும். பள்ளியின் மினாராவுக்கு மனமுவந்து அள்ளித் தருகிறோம்; அதன் வடிகாலுக்கும் தருவோம். அந்நீரில் வளரும் மரத்தின் நிழலில் எவர் இளைப்பாறினாலும் அது நமக்கு ஸதகத்துல் ஜாரியா ஆகும், இன்ஷா அல்லாஹ்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் நம் பள்ளியின் ஒளு நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.